மரக்காணம் எந்த மாநிலம்?

பாண்டிச்சேரி தமிழ்நாட்டில் இல்லை என்று வெளியூர் நண்பர்களுக்கு பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொடங்கி வரலாற்று வகுப்பே எடுக்கிறவன் நான். அதே விஷயம் என் சொந்த பில்லில் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பாண்டிச்சேரி தட்டாஞ்சாவடியில் சிறிய அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் ஆடிட்டர் ஓய்வு பெற்றதும், ஆன்லைனில் ஒரு வரி ஆலோசனை நிறுவனத்தைப் பிடித்தேன். அவர்களுக்கு வந்திருந்த பாராட்டுகளை நாவல் போல உட்கார்ந்து படித்து, அதை விசாரணை என்று நம்பினேன். அவர்கள் அமைத்துக் கொடுத்தபடியே பில் போட்டு, எல்லாவற்றிலும் கையெழுத்தும் போட்டேன்.

முதல் மாதமே மரக்காணத்து உப்பு வியாபாரி போன் செய்தார். "அண்ணே, உள்ளூர் வரி போட்டிருக்கீங்க. நாங்க தமிழ்நாடு, வேற மாநிலம். இத வச்சு கட்டின வரிய நான் கழிச்சுக்க முடியாது. சரி பண்ணலன்னா பெட்டிய வேற எடத்துல பாத்துக்கறேன்." என் பெட்டிகளில் பாதி அவருக்குத்தான் போகின்றன.

ஆலோசகர்களை அழைத்தால் பாட்டுதான் கேட்டது. போனைக் காதில் வைத்தபடி பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். கடைசியில் ஒரு பெண், "பாண்டிச்சேரியும் தமிழ்நாடுதானே சார்?" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

நல்லவேளை, அந்த மாதக் கணக்கு இன்னும் தாக்கலாகவில்லை. பில்களைத் திருத்திக் கொடுத்து உப்புக்காரரைத் தக்கவைத்தேன்.

இப்போதெல்லாம் எந்த ஆலோசகரிடமும் முதலில் எங்கள் எல்லை ஊரை வைத்து ஒன்றுதான் கேட்கிறேன்: "கனகசெட்டிக்குளத்தைத் தாண்டி சரக்கு போனா என்ன வரி?" தயங்கினால் வணக்கம் சொல்லிவிடுகிறேன்.

இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "நல்ல கேள்விதான். அந்த பில்லுலல்லாம் கையெழுத்து போட்ட ஆளையும் ஒரு வாட்டி கேட்டுப் பாருங்க" என்றாள்.