எல்லப்பன் தளர்த்திய நட்டு

எல்லப்பனுக்கு இன்ஜின் வேலை அடி வாங்கித்தான் வந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கட்டுமரக்காரர் வீட்டில் பிறந்தவன். எழுபதுகளில் விசைப்படகு வந்தபோது, சொந்தபந்தம் காறித் துப்பியும் கேட்காமல், கோவளத்துத் தாமோதரனின் படகில் மெக்கானிக் கியாசுதீனுக்குக் கையாளாகச் சேர்ந்தான்.

கியாசுதீனுக்குப் பிறவிக் கை. ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்மேல் ஊன்றிக் காதைக் கொடுத்தால் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். எல்லப்பனுக்கோ ஒரே தப்பைப் பலதரம் செய்தால்தான் மண்டையில் ஏறும். தப்புக்குத் தப்பு ஸ்பேனர் முதுகில் விழும்.

"இது ரத்தத்துல வரணும்டா. உனுக்கு வராது. போய் மீன் புடி."

"மீன் புடிக்கிறவன் இன்ஜின் தொட்டா டீசல் கெட்டுப்பூடுமா பாய்?" என்பான் எல்லப்பன், முதுகைத் தடவிக்கொண்டே.

விசைப்படகுகள் கரையோரமாகவே ஓடிக் கட்டுமரக்காரர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தன. பகை முற்றியது. ஒருநாள் காலை தாமோதரனின் படகு கரைக்குச் சற்றுத் தள்ளி இன்ஜின் விக்கி விக்கி நின்றதும், கட்டுமரங்கள் நாலாபுறமும் சூழ்ந்துகொண்டன.

முதல் கல்லே கியாசுதீனின் நெற்றியைப் பிளந்தது. இன்ஜின் பக்கத்திலேயே சாய்ந்தான். அடுத்த கல் தாமோதரனின் தோளில் விழுந்தது.

"டேய் எல்லப்பா, ஸ்டார்ட் பண்ணுடா! கொன்னுடுவானுங்க!"

அந்த விக்கல் எல்லப்பனுக்குத் தெரிந்த விக்கல். எத்தனை அடி வாங்கியிருக்கிறான் அதற்கு! டீசல் குழாயில் காற்று. காற்றை வெளியேற்றக் குழாயின் நட்டைத் தளர்த்திப் பம்பை அழுத்தினான். நுரை வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். நட்டை இறுக்கினான். கியாசுதீன் எடுத்துச் சொல்லாமல் அவனே கண்டுபிடித்த முதல் கோளாறு அது. இனி ஸ்டார்ட் செய்வதுதான் பாக்கி.

பின்பக்கம் எட்டிப் பார்த்தான். தண்ணீரில் ஒரு தலை எழுந்து முங்கியது. பல்லில் கத்தியைக் கடித்தபடி பூவராகவன், எல்லப்பனின் பெண்டாட்டி ரத்னாவின் அண்ணன். வலைக்கயிற்றை அறுக்கப் படகுக்கடியில், புரொப்பல்லரை ஒட்டியே முங்கியிருந்தான். இன்ஜின் ஓடினால் துண்டு துண்டாகிவிடுவான்.

"ஆச்சாடா?" என்று அலறினான் தாமோதரன்.

எல்லப்பன் நட்டை மறுபடி தளர்த்தினான். டீசல் இன்ஜினுக்குப் போகாமல் அவன் காலில் ஒழுகியது.

"வரல மொதலாளி."

தாமோதரன் இரும்புக் கம்பியால் அவன் விலாவில் அறைந்தான். அதற்குள் கட்டுமரக்காரர்கள் படகேறிவிட்டார்கள். துடுப்பால் விளாசினார்கள். தாமோதரனின் கை முறிந்தது, வலை துண்டு துண்டானது. கடைசியாக ஏறிய பூவராகவன் எல்லப்பனைப் பார்த்ததும் வாயிலேயே குத்தினான். இரண்டு பல் தெறித்தன.

"நின்ன இன்ஜினை எடுக்கத் தெர்ல. நீயெல்லாம் இன்னா மெக்கானிக்கு மச்சான்!"

கரையில் தாமோதரன் முறிந்த கையோடு கத்தினான்: "இவன் இனிமே படகுல கால் வெக்கக்கூடாது!"

நெற்றிக் கட்டோடு உட்கார்ந்திருந்த கியாசுதீன் தலை தூக்கினான். "இருக்கட்டும் மொதலாளி. எனுக்கு ஒரு ஆள் வேணும்."

தாமோதரன் முனகிக்கொண்டே போனான். கியாசுதீன் ஸ்பேனரை எடுத்தான். எல்லப்பன் குனிந்து முதுகைக் கொடுத்தான். அடி விழவில்லை. ஸ்பேனர் அவன் கைக்கு வந்தது.

"கண்ணு முழிச்சுகினுதான் கெடந்தேன். டீசல் சுத்தமா வந்துச்சு. நீ பின்பக்கம் எட்டிப் பாத்ததையும், நட்ட எந்தப் பக்கம் திருப்புனன்னும் பாத்தேன். இனி பம்பு வேல உன்னுது." பிறகு குரலைத் தாழ்த்தினான்: "வாயத் தொறந்து எவன்கிட்டயும் சொல்லாத."

எல்லப்பன் சொல்லவில்லை. மைத்துனன் குப்பமெல்லாம் அவனைக் கேலி பேசித் திரிந்தபோதும், பல் போன வாயை மூடிக்கொண்டே இருந்தான்.