பின்பக்கமாக ஏறிய வண்டி

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. பழையது மாமனார் வாங்கியது. ஏறக்குறைய என் வயசு அதற்கு. புதியது, கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என் கணவர் வாங்கியது. அதில் கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது. மோகனூரிலிருந்து நாமக்கல் போய் இறங்கினாலும் புடவை மடிப்புக் கலையாது. எனக்கு அதில் போவதென்றால் அத்தனை பெருமை.

பழையதற்குத் துணிக்கூரை. முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். அதன் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கி நிறுத்தி, பட்டை மாட்டி, தோட்டத்தில் கரும்பாலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சல் எனக்கு ஆகாது. விற்றுத் தொலையுங்கள் என்று நச்சரித்தவள் நான்தான். அது யுத்த காலம், பழைய இரும்புக்கு நல்ல கிராக்கி. கணவரும் ஒரு வியாபாரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே எனக்கு வலி கண்டது. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொழந்தை குறுக்க கெடக்குதுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள்.

பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததால், கரிவாயுவில் ஓடும்படி புதுக்காரின் முதுகில் கரியடுப்பு மாட்டியிருந்தோம். அடுப்பை ஊதிக் கிளப்பவே அரைமணி ஆயிற்று. ஆற்றங்கரைத் தோட்டத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் மேட்டில் பாதி போனதும் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. மறுபடியும் முயன்றும் அதே கதைதான். டிரைவரண்ணன் இறங்கி ஆலைக்கு ஓடினார். பட்டையைக் கழற்றிப் பழைய வண்டியைக் கொண்டுவந்தார். என்னை அதில் மாற்றிப் படுக்கவைத்ததும், வண்டியின் முதுகை மேட்டுப் பக்கம் திருப்பினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "ஏனுங்கண்ணா, திருப்பியும் ஊட்டுக்கா போறோம்?"

"இல்லீங்க அம்மிணி. சீட்டுக்கடியில டாங்கில பெட்ரோல் கொஞ்சந்தான் கெடக்குது. மூக்கைத் தூக்குனா இஞ்சினுக்கு எறங்கி வராதுங்க. பின்னாலயே ஏறிக்கலாம்."

ஏறியது. என்னைவிட அதிகமாக முனகிக்கொண்டு, ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறியது. எதிரே காவேரி கீழே இறங்கிப்போவதைப் பார்த்தபடி கிழிந்த சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் மகள் நாமக்கல்லில் பிறந்தாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்.

வீடு திரும்பிய மறுநாள் காலையில் இரும்பு வியாபாரி வந்துவிட்டார். கொடுத்த வாக்கை எப்படி மீறுவது என்று கணவர் சங்கடப்பட்டுக்கொண்டு நின்றார். பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை பின்கட்டு அறையை விட்டு வரக்கூடாது. அவள் தொட்டதை யாரும் தொடமாட்டார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பழைய வண்டியில் ஏறி நடுவில் உட்கார்ந்தேன். வியாபாரி நாலடி தள்ளிப் போய் நின்றார்.

"ஏம்புள்ள, தீட்டோட போய் உக்காந்தா அவரு எப்படித் தொட்டு எடுப்பாரு?" என்றார் கணவர்.

"அதுக்குத்தானுங்க உக்காந்திருக்கேன்" என்றேன்.