கொன்ட்ரோல் இரத்தம்

துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற, இரத்தம் சோதிக்கிற லாபில் றொஷானிக்குப் பிசாசு என்றுதான் பட்டப்பெயர். காலையில் வந்ததும், இரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சீனியைப் பார்க்கிற குரோமடோகிராபி மெஷினில், அளவு முன்னமே தெரிந்த கொன்ட்ரோல் இரத்தத்தை ஓட விடுவாள். தெரிந்த அளவு வராவிட்டால் மெஷினை நிறுத்திப்போடுவாள். வாசலில் சனம் நெரிந்தால் என்ன, முதலாளி தொண்டை கிழியக் கத்தினால் என்ன, அசையமாட்டாள்.

தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குத் திரியாய்க் கிராமத்துக்குப் போனவள் ஒரு கிழமையால் திரும்பி வந்து கொன்ட்ரோலை ஓட்டினால், அளவு தாறுமாறாக ஏறி நிற்கிறது. மெஷினுக்குள் இரத்தத்தைப் பிரிக்கிற ஒரு சாண் உருக்குக் குழாய் பழுது. அவள் இல்லாத நாளெல்லாம் முதலாளி கொன்ட்ரோலே ஓட்டாமல் றிப்போட் கொடுத்திருக்கிறார். பாவி மனுசன்!

புதுக் குழாயைப் பூட்டி, குளிர்ப்பெட்டியில் கிடந்த இரத்தங்களைத் திரும்ப ஓட்டினாள். கடற்றொழில் செய்யிற றொபேட்டுக்குச் சீனி பதினொன்று வீதம் என்று றிப்போட் போயிருந்தது. உண்மையில் ஏழுதான், சீனி வருத்தக்காரருக்கு அது நல்ல அளவு. இரண்டு பேரும் லாபுக்கு அடிக்கடி வருகிறதால் றொஷானிக்கு அவர்களின் கதை தெரியும். சீனி கூடினால் அந்த ஆள் தன் மனுசி சுதர்ஷிகாவைத்தான் போட்டு அடிப்பான், சமைத்துப் போட்டவள் அவளென்று. கேட்டால் அவள், கிணத்தடியில் வழுக்கி விழுந்தனான் என்பாள்.

உடனே போன் எடுத்து இரண்டு பேரையும் வரச்சொன்னாள். சுதர்ஷிகா கையில் மாவுக்கட்டோடும் வெடித்த உதட்டோடும் வந்தாள். பிழை லாபினுடையது, சீனி ஏழுதான் என்று றொஷானி மன்னிப்புக் கேட்டாள்.

றொபேட் சந்தோசத்தில் சிரித்தான். "அப்ப இவளுக்குச் சும்மா அடிச்சுப்போட்டன்."

"கூடியிருந்தா அடிக்கலாமோ?" என்று சுதர்ஷிகா கேட்டாள். அவள் அவனை எதிர்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

விட்டான் ஒரு அறை. கதிரையோடு சரிந்தவளின் மாவுக்கட்டுக் கையில் ஏறி உழக்கினான். அவள் வீரிட்டாள். மேசையில் கழற்றி வைத்த பழைய குழாயை எடுத்து, றொஷானி அவன் முகத்தில் விளாசினாள். மூக்கு உடைந்தது, பல் தெறித்தது. விழுந்தவனுக்கு இன்னும் இரண்டு போட்டாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த முதலாளி பொலிசைக் கூப்பிட்டார். ஆர் அடிச்சது என்று பொலிஸ்காரர் கேட்டார். பொம்பிளை அடித்தாள் என்று சொல்ல வெட்கப்பட்டோ என்னவோ, றொபேட் மற்றப் பக்கம் திரும்பி இரத்தத்தைத் துப்பினான். றொஷானி ஒப்புக்கொள்ள வாயெடுத்தாள். அதுக்குள் சுதர்ஷிகா முந்திக்கொண்டாள்.

"ஒருத்தரும் அடிக்கேல்லை, ஐயா. அவர் வழுக்கி விழுந்தவர்."