சிவபாதத்தின் பெயருக்கு முன்னால் இல்லாத சொல்

2024 ஓகஸ்ட் 14, புதன்கிழமை. காலை 5.40க்கு எழும்பினேன். கிணற்றடியில் முகம் கழுவி, சின்னம்மா தந்த தேத்தண்ணியை ஒரு துண்டு பனங்கட்டியோடு குடித்து, முதல்நாள் குறிப்பை எழுதி முடிக்க 6.30. பின் ஒழுங்கையில் யாரோ நாதஸ்வரத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். அளவெட்டியில் அதை யாரும் கவனிப்பதில்லை. 8.15க்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தேன். ஒழுங்கை முடிவதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "எங்கை, வெளிக்கிட்டாச்சோ?" நொர்வேயின் பேர்கன் நகரத்தில் ஒரே தொடர்மாடிக் கட்டடத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். அங்கே ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. வந்த முதல் நாள் இந்தக் கேள்விக்கு முகம் சுளித்தேன். மூன்றாம் நாளிலிருந்து சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, விபரமாகப் பதில் சொல்லத் தொடங்கினேன். நான் ஒரு குடும்பத்தைத் தேடி வந்திருந்தேன்.

அப்பா போன மாரியில் பேர்கனில் இறந்தார். அவருடைய அலுமாரியில், குளிர்ச் சட்டைகளுக்கு அடியில், ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்ட பதிவுக் கொப்பி, இருந்தது. போர்க்காலத்தில் அப்பா ஊரில் முதலுதவித் தொண்டராக இருந்தார் என்பது எனக்குத் தெரியும். எப்படி வேலை செய்தார் என்பது அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பெற்றோல் இல்லாத காலம். இரண்டு சைக்கிள்களைப் பக்கம் பக்கமாகப் பிணைத்து, நடுவில் ஒரு வாங்கை, நீளப் பலகை இருக்கையை, கட்டி, அதில் காயப்பட்டவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்திருக்கிறார்கள். ஒரு சைக்கிளில் அப்பா, மற்றதில் சிவபாதம். சந்தி வரும்போது ஒருவர் வாங்கோடு நிற்க, மற்றவர் முன்னால் நடந்துபோய் வழி பார்த்துக் கை காட்டுவார். அதற்கு முறை வைத்திருந்தார்கள்: ஒரு நாள் இவர், ஒரு நாள் அவர். ஏற்றிய ஒவ்வொருவரின் பெயரும், இடமும், நேரமும் அப்பாவின் ஒழுங்கான கையெழுத்தில் இருந்தன. கொப்பியின் முதல் பக்கத்தில் 'சிவபாதம், மனைவி தவமணி, வட்டுக்கோட்டை' என்று ஒரு விலாசம். எழுதப்பட்ட கடைசிப் பக்கத்தில் திகதிக்கும் ஏற்றியவரின் விபரத்துக்கும் கீழே இப்படி இருந்தது: 'முன்னுக்குப் போவது இன்று என் முறை. எனக்குக் காய்ச்சல். சிவபாதம் போனான். சந்தியில் செல் விழுந்தது. நேரம் விடிய 4.20. பின்னேரமே தகனம். கொள்ளி நான்.' அதற்குப் பிறகு எல்லாம் வெறும் தாள்.

ஆய்வுகூடத்தில் என்னுடன் வேலை செய்யும் பெரித்திடம் இதைச் சொன்னேன். "உன் அப்பா எந்தப் படையில் இருந்தார்?" என்று கேட்டாள். படையில் இல்லை, சைக்கிளில் என்றேன். நான் சொல்லைத் தவறவிட்டேன் என்று நினைத்து, "மோட்டார் சைக்கிள்" என்று அன்பாகத் திருத்தினாள். பிறகு, ஆவணக் காப்பகத்துக்கு எழுது, இரண்டு கிழமையில் பதில் வரும் என்றாள். அவளுடைய நாட்டில் வந்திருக்கும். பெயரும் நேரமும் ஒத்துவராத இரத்த மாதிரிக் குப்பியைத் திருப்பி அனுப்புவதுதான் அங்கே என் வேலை. அப்படிப்பட்டவள் ஒரு பெயரையும் ஓர் ஊரையும் மட்டும் வைத்துக்கொண்டு வந்து இறங்கினேன்.

வட்டுக்கோட்டையில் மூன்று நாள் விசாரித்தேன். ஊரே பலமுறை இடம்பெயர்ந்து திரும்பிய ஊர். ஐந்து சிவபாதங்கள் அகப்பட்டார்கள். அதில் ஒருவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் இன்னும் சாகேல்லைத் தங்கச்சி. கொஞ்சம் பொறுத்து வாங்கோவன்" என்றார். அவருடைய மனைவி குசினிக்குள்ளிருந்து, "உந்தாளுக்கு விசர். நீங்கள் சுன்னாகத்து அச்சகத்திலை போய்க் கேளுங்கோ பிள்ளை. இந்தப் பக்கத்துக் கல்வெட்டெல்லாம் அங்கைதான் அடிக்கிறது" என்றார்.

வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும். அன்று வந்தவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, திதியைச் சொல்லும் வெண்பா, கடைசியில் பிள்ளைகள், மருமக்கள், பேரர் என்று முழு வம்ச வரிசை. அதுதான் கல்வெட்டு. அந்த அச்சகத்துக்காரர், தான் அடித்த ஒவ்வொரு கல்வெட்டிலும் ஒரு பிரதியை வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தார். எந்தக் காப்பகமும் அவரை இப்படிச் செய்யச் சொல்லவில்லை. எரிந்தும் இடிந்தும் போன அரசாங்கக் கந்தோர்களின் பதிவேடுகளில் இல்லாதது அவருடைய பின்னறையில், கறையான் மருந்து மணத்தோடு இருந்தது.

அந்தப் புதன்கிழமை 11.05க்கு எனக்கு வேண்டியது கிடைத்தது. பத்து வருடத்துக்கு முந்திய ஒரு மூதாட்டியின் கல்வெட்டு. பிள்ளைகள் வரிசையில்: 'காலஞ்சென்ற கந்தசாமி, சிவபாதம், பூமணி.' மருமக்கள் வரிசையில் தவமணி. ஊர் வட்டுக்கோட்டை. ஆனால் சிவபாதத்தின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' இல்லை. ஆய்வுகூடத்தில் ஒட்டுச்சீட்டுப் பார்த்துப் பழகிய கண் அங்கேயே நின்றது.

"அண்ணை, இதிலை ஒரு பிழை விட்டிருக்கிறியள்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, கலியாணக் கார்டிலை மாப்பிள்ளையின்ரை பேரை மாத்தி அடிச்சாலும் அடிப்பன், கல்வெட்டிலை பிழை விடமாட்டன். செத்தவையின்ரை ஆக்கள் சும்மா விடாயினம்." பக்கத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இது பிழையில்லை. தவமணியக்காதான் புரூஃப் பாத்தவ. மற்றாக்கள் அந்தச் சொல்லைப் போடச் சொன்னவை. அவ பேனையாலை வெட்டிப்போட்டுத் தந்தவ. வீட்டை விட்டுப் போகேக்கை உசிரோடை போன மனிசன். செத்ததைக் கண்ட ஆள் ஒருத்தரும் வந்து சொல்லேல்லையாம்."

கண்ட ஆள் என் அப்பா. அவருடைய கொப்பி என் பையில் இருந்தது. அதுவரை நான் ஒரு நல்ல செய்தியைக் கொண்டுபோகிறேன் என்றே நினைத்திருந்தேன், நினைவுப் பொருள் ஒன்றை உரியவரிடம் சேர்ப்பதுபோல. சுன்னாகத்திலிருந்து வட்டுக்கோட்டைக்கு மிதித்த அந்த வெயிலில்தான், நான் கொண்டுபோவது ஒரு சாவு என்று விளங்கியது. திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தரம் சைக்கிளை நிறுத்தினேன். இரண்டு தரமும் யாரோ ஒருவர், "ஆரைத் தேடுறியள் பிள்ளை?" என்று கேட்டு வழி காட்டிவிட்டார்.

போய்ச் சேர 3.10. தவமணி மாமி வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தேழு வயது, நெற்றியில் குங்குமம். மகள் கலா கதிரை போட்டாள். நல்லூர் முருகன் கோயிலில் கொடியேறிய காலம் என்பதால் மாமி ஒருநேரச் சாப்பாட்டு விரதம். நான் அப்பாவின் பெயரைச் சொன்னதும் குழாயைக் கீழே போட்டார்.

"சோடிச் சைக்கிள்காரரோ? அவரின்ரை மோளோ நீ?"

"ஓம் மாமி."

"அப்ப உனக்குத் தெரியும்."

தெரியும் என்று சொல்லிக் கொப்பியை எடுத்தேன். மாமி கதிரையில் அமர்ந்து, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்து, "வாசி" என்றார். வாசிப்பதற்கு முன் ஒரு கணம் யோசித்தேன். 'இன்று என் முறை' என்ற வரியை விட்டுவிட்டு வாசித்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் முப்பது வருடம் காத்திருந்தும் ஒரு சொல்லைக்கூடப் பொய்யாக அச்சடிக்க விடாத ஒருவர் எனக்கு முன்னால் இருந்தார். எழுதியிருந்தபடியே, காற்புள்ளிகூட விடாமல் வாசித்தேன்.

கலா அழுதாள். மாமி அழவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தச் சந்தி? என்ன கிழமை? வாங்கில் கிடந்த ஆள் தப்பினவரோ? அதற்குப் பதில் கொப்பியில் இருந்தது, ஆஸ்பத்திரி சேர்ந்த நேரத்தோடு. என் அப்பா தனியாக அந்தச் சோடிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். "தப்பீட்டுதோ? நல்லது" என்றார். பிறகு, "கொள்ளி ஆர் வைச்சது எண்டாய்? திருப்பி வாசி" என்றார். வாசித்தேன்.

"மாமி, அண்டைக்கு அப்பாதான் முன்னுக்குப் போயிருக்க வேணும்."

"காய்ச்சல்காரனை இவர் விடுவாரே? எனக்குத் தலையிடி எண்டால் கிணத்தடிக்கே விடாத மனிசன்." பிறகு குரல் மாறி வெடித்தார். "அது சரி. ஆனா ஒரு காயிதம் போட ஏலாதோ கொப்பருக்கு? கை இருந்ததுதானே? படலை கிறீச்சிட்ட நேரமெல்லாம் நான் திரும்பிப் பாத்தனான் பிள்ளை. ஆடு வந்தாலும் பாத்தனான்."

நீங்கள் இடம்பெயர்ந்திருந்தீர்கள், அப்பா தென்மராட்சிப் பள்ளிக்கூடங்களில் இரண்டு நாள் தேடியதாகச் சின்னம்மா சொன்னார், பிறகு கொழும்பு, பிறகு நொர்வே என்றேன். சொல்லும்போதே அது போதாது என்று தெரிந்தது. "மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் அவரை மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு எழும்பினார். "கலா, வெந்நி வேண்டாம். கிணத்தடியிலை தலைக்கு வாக்கிறன். முன்வீட்டுப் பொன்னம்பலத்தாருக்கும் ஐயருக்கும் சொல்லு. இண்டைக்குக் கேட்டால் இண்டையிலிருந்துதான் துடக்கு. முப்பத்தொண்டு எண்ணு." அயலட்டை வரத் தொடங்கியது. முதலில் வந்த பக்கத்து வீட்டுக்காரி குழம்பிப்போய், "ஆரக்கா?" என்று கேட்டாள். "இவர்தான்" என்றார் மாமி, காலையில் இறந்தவரைச் சொல்வதுபோல.  அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இருந்தாள். இத்தனை வருடம் கழித்து என்ன செத்தவீடு என்று அன்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

குளித்து ஈரத்தோடு வந்த மாமியின் நெற்றியை நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. "துடக்கோடை இந்த முறை தேருக்கு வரேலாது எண்டு முருகனுக்கு ஆர் சொல்லுறது?" என்று அவர் கேட்க, இரண்டு மூன்று பேர் சிரித்து, சிரித்தபடியே அழுதார்கள். வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்தார்.

"எப்ப பயணம்?"

"இருபத்திநாலு மாமி. பத்து நாள்தான் இருக்கு."

"கொள்ளி வைச்ச வீட்டுப் பிள்ளை. அந்தியேட்டி முடியாமல் எங்கை போறாய்?" கேள்வி மாதிரித்தான் இருந்தது. பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

15, வியாழக்கிழமை. 5.40க்கு எழும்பியதும் முகம் கழுவுவதற்கு முன்னால், படுக்கையில் இருந்தபடியே, தொலைபேசியில் வேலைத்தலத்தின் விடுப்புப் படிவத்தைத் திறந்தேன். 'வெல்ஃபார்ட்ஸ்பெர்மிஷூன்' என்பது அதன் பெயர். பேர்கனில் இன்னும் விடிந்திருக்காது. இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்ற கேள்விக்குக் கீழே நான்கு பெட்டிகள்: துணை, பெற்றோர், பிள்ளை, சகோதரர். ஒன்றும் பொருந்தவில்லை. ஐந்தாவதாக 'வேறு' என்று ஒரு வெற்று வரி இருந்தது. அதில் 'ஃபமீலியே' என்று எழுதினேன், குடும்பம். அடுத்தது இறந்த திகதி. கொப்பி பக்கத்தில்தான் இருந்தது, அதைத் திறக்கவில்லை. 14.08.2024 என்று பதிந்து அனுப்பினேன்.