மழை வந்த பிறகு

என் மகள் பிறந்தது தொண்ணூற்றேழாம் வருடம், சாமை அறுப்பு முடிந்த குளிரில். மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊர் என்பது ஒரு சரிவில் சிதறிக் கிடந்த கொஞ்சம் வீடுகள்தான். எங்கள் வீடும் என் வீட்டுக்காரருடைய அண்ணன் வீடும் ஒரே களத்தைப் பார்த்து நின்றன. அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எனக்கு வெகுகாலம் முன்பே அந்தக் குடும்பத்துக்கு வாழ வந்தவள். அவளுக்குக் குழந்தை இல்லை.

பிரசவத்துக்கு என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த என் அம்மா முதல் வாரமே சொல்லிவிட்டாள். "அவ நல்லவதான், நான் இல்லைங்கல. ஆனா புள்ளைய மட்டும் அவ மடியில குடுத்துறாத."

நான் பத்தாவது வரை விடுதியில் தங்கிப் படித்தவள். இதெல்லாம் தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அம்மா சொன்னபடியே நடந்தேன். அக்கா குழந்தையைப் பார்க்க வரும்போதெல்லாம், இப்போதுதான் தூங்கினாள் என்பேன், பால் குடிக்கிறாள் என்பேன். அவளும் வாசலோடு நின்று வெந்நீர்ச் சட்டியை வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் அவள் வந்துபோனதும், உப்பும் மிளகாயும் எடுத்துக் குழந்தையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மறந்துவைத்த கொடுவாளை எடுக்கத் திரும்பி வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். என் கை அப்படியே நின்றது. அவள் கொடுவாளை எடுத்துக்கொண்டு, "மொளகா நெடி பச்சப்புள்ளைக்கு ஆகாது கண்ணு. வெளிய கொண்டுபோய் எரி," என்று மட்டும் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்கு அன்றைக்குச் சுலபமாகப் போய்விட்டது. அவளுக்கு உறைக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடங்களில் மலையில் பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. மாமனார் காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் எல்லாரும் குச்சிக்கிழங்கு நட்டோம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து லாரிகள் வளைந்து வளைந்து ஏறி வந்து, ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கை அள்ளிக்கொண்டு போயின. கையில் காசு புழங்கியது. அரிசி வாங்கித் தின்றோம். குதிர்கள் காலியானதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா மட்டும் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் விடாமல் சாமை விதைத்தாள். கிழங்கு அவளுக்குச் செரிக்காது என்று காரணம் சொன்னாள்.

இரண்டாயிரம் கழிந்ததும் மழை ஏமாற்றத் தொடங்கியது. முதல் வருடம் தாக்குப்பிடித்தோம். அடுத்த வருடம் கிழங்கு விரல் பருமனுக்கு மேல் திரளவில்லை. திரண்டதற்கும் விலை இல்லை. லாரி வருவது நின்றது. ஓடையில் பாறைகள் வெளுத்துத் தெரிந்தன. ஊற்றில் ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு வலித்தது. என் வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தன் காட்டுக்குப் போவதையே விட்டுவிட்டு நாள் முழுக்கக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஒரு காலையில் ஊர்க்கவுண்டர் எல்லாரையும் கோயில் முன்னால் கூப்பிட்டார். பெண்களையும் வரச் சொன்னார், அதுவே புதிது. "அவங்கவங்க ஊட்டுல அடுப்பெரிச்சா ஒருத்தரும் தேற மாட்டோம்," என்றார். "இருக்கறத இங்க கொண்டாங்க. ஒரே பானையில காச்சுவோம். தெம்பு இருக்கறவங்க எஸ்டேட்டுக்குப் போங்க. இங்க இருக்கறவங்க எல்லாருத்துப் புள்ளைங்களையும் மாட்டையும் பாத்துக்கட்டும்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கட்டிலில் படுத்திருந்தவரை இரண்டு பேர் எழுப்பிக் கூட்டிவந்து ஊற்றுக்குக் காவல் வைத்தார்கள். வேலை என்று ஒன்று கிடைத்ததும் அவர் முகம் தெளிந்தது. அக்கா தன் சாமை முழுவதையும் கொண்டுவந்து கொட்டினாள். கோயில் பக்கம் தலைகாட்டாமல் இருந்த விதவை ஒருத்திதான் அந்தப் பானையைத் துழாவினாள். யார் கை பட்டது, யார் முகத்தில் விழித்தோம் என்றெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. பசித்த ஊர் இத்தனை பெரிய மனசோடு இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் குடகுக்குக் காப்பி பறிக்கப் போவது என்று முடிவாயிற்று. சின்னக் குழந்தைகளைக் கூட்டிவரக் கூடாது என்று ஆள் பிடிக்க வந்தவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரிய மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பலா மரத்திலிருந்து விழுந்து கால் நொண்டியானவர். அதனால் அவரும் அக்காவும் ஊரில் இருந்தார்கள். என் மகளுக்கு அப்போது நாலு வயது. வேறு வழியில்லாமல் களத்தைத் தாண்டி அக்காவிடம் போனேன்.

"அக்கா, பாப்பாவ வச்சுக்கறீங்களா?"

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "எங்கூட்டுக்குள்ள கூட்டிட்டுப் போலாமா கண்ணு? இல்ல, உங்கூட்டுல வச்சே பாத்துக்கட்டுமா?"

நாலு வருடமாக நான் அவளை எங்கே நிறுத்தியிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. "உங்க புள்ளையாட்டம் வச்சுக்கங்கக்கா," என்றேன். அழுதேன். அந்த நேரத்தில் அதை மனசாரத்தான் சொன்னேன். அது இப்போதும் எனக்கு ஆறுதலாக இல்லை.

எஸ்டேட்டில் குளிரும் அட்டையும் பழகிவிட்டன. எங்கள் மலையில் செம்மேட்டில் ஒரு டெலிபோன் பூத் இருந்தது. சந்தை நாளில் நான் எஸ்டேட் கடையிலிருந்து போன் போடுவேன். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் நடந்து வந்து காத்திருப்பாள். ஆரம்பத்தில் மகள் என் குரல் கேட்டதும் அழுவாள். பிறகு அழுகை நின்றது. "பெரிம்மா எனக்குக் கதை சொன்னாங்க, பெரிம்மா ஆட்டுக்குட்டி காட்டுனாங்க," என்று மூச்சுவிடாமல் பேசுவாள். ஒரு முறை, பேச்சின் நடுவே, "பெரிம்மா கூப்புடுறாங்க, நான் போறேன்," என்று போனை வைத்துவிட்டாள். குழந்தை நிம்மதியாக இருக்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்று காப்பிச் செடிகளுக்கு நடுவே பழத்தோடு இலையையும் சேர்த்துப் பிடுங்கி மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

இரண்டு பருவம் கழிந்து மலையில் நல்ல மழை பெய்கிறது என்று சேதி வந்தது. திரும்பினோம். பஸ்ஸை விட்டிறங்கி நனைந்துகொண்டே ஊருக்கு நடந்தோம். மகள் வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அக்கா அவள் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். "அம்மாடா சாமி, போ. போன்ல பேசுவாங்கல்ல, அந்த அம்மா."

அன்று சாயங்காலமே மகளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும், மெல்லப் பழகட்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை. அக்கா அவள் துணிகளை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "சோறு கொழைய இருந்தாத்தான் திங்கறா. இடி இடிச்சா காதப் பொத்தி விடோணும். அழுதா என்னக் கூப்புடு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள். "வேண்டாம். நீயே பாத்துக்குவ." நான் கூப்பிடவில்லை. மகள் அழுது அழுது ஓய்ந்தாள். களத்துக்கு அந்தப் பக்கம் அவள் அழுகை நிச்சயம் கேட்டிருக்கும்.

ஊரும் என்னைப் போலத்தான் திரும்பியது. கோயில் பானையைக் கவிழ்த்து வைத்தார்கள். அடுப்புகள் அவரவர் வீட்டுக்குப் போயின. ஊற்றுத் தண்ணீரை வரிசையாகப் பங்கிட்டவர்கள் ஓடை நிரம்பிய பிறகு வரப்புக்குச் சண்டை போட்டார்கள். விதைப்புப் பூசை அன்று, பானை துழாவிய அந்த விதவை தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றாள். அவளைப் போகச் சொன்னவர் யாரும் இல்லை. அவளாகவே போய் நின்றாள். அவள் கையால் கஞ்சி குடித்துப் பிழைத்த பிள்ளைகளின் தாய்மார்களான நாங்கள் முன்வரிசையில் நின்றோம்.

அடுத்த தை மாதம் மகளுக்குக் காது குத்த முடிவு செய்தோம். அம்மா சீர் பற்றிப் பேச வந்தவள், கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினாள். "அவ முன்னால வந்து நின்னா நாலு பேரு பேசுவாங்க. நீயே பதனமாச் சொல்லிரு."

"ரெண்டு வருசம் வளத்தவம்மா," என்றேன்.

"அதுக்குத்தான் சீலை எடுத்துக் குடுக்கறோமே," என்றாள் அம்மா.

அக்காவிடம் போய், "அன்னிக்கு சமையல நீங்கதான் பாத்துக்கோணும்க்கா. வேற யாரையும் நம்ப முடியாது," என்றேன். பெருமைப்படுத்துகிற மாதிரி சொன்னேன். வழியெல்லாம் யோசித்துத் தயார்செய்துகொண்டு போன வார்த்தைகள் அவை. அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி கண்ணு," என்றாள்.

காது குத்துகிற அன்று மகள் என் தம்பியின் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காது குத்தியதும் அலறித் திமிறி இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். என்னைத் தாண்டித்தான் ஓடினாள். களத்து மூலையில் போட்டிருந்த சமையல் பந்தலுக்குப் போய் அக்காவின் கால்களைக் கட்டிக்கொண்டாள். "பெரிம்மா, தூக்கு! தூக்கு பெரிம்மா!"

அக்கா தூக்கவில்லை. மாவு அப்பிய இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே உயர்த்தி வைத்துக்கொண்டாள். "அம்மாகிட்டப் போ சாமி. போடா கண்ணு," என்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவள் கையை இறக்கவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'தூக்குங்கக்கா' என்ற ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. போய் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் காதிலிருந்து வடிந்த ரத்தம் என் புதுச் சேலையில் பட்டது. பெரிய மாமா சாப்பிட உட்கார்ந்திருந்தவர், இலையை மடித்து வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே எழுந்து போனார்.

அடுத்த அறுப்புக்கு அவர்கள் ஊரில் இல்லை. காரவள்ளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் காவலுக்கு ஆள் கேட்டார்கள் என்று பெரிய மாமா சொன்னார். இங்கே காடு இருக்கும்போது அங்கே எதற்கு என்று என் வீட்டுக்காரர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். கால் வலிக்குச் சமவெளிதான் தோது என்று அவர் முடித்துக்கொண்டார். கிளம்புகிற அன்று காலை நான் அக்காவின் வீட்டுக்குள் போனேன். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் பண்ணுனது..." என்று தொடங்கினேன்.

"உன்னையக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது கண்ணு," என்றாள். சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். "மழ வந்துருச்சு. அவ்வளவுதான்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அழுதுவிட்டு, காலில் விழுந்துவிட்டு, எதையாவது இறக்கி வைத்திருப்பேன். அவள் அதற்கு இடம் தரவில்லை. பஸ் கிளம்பும்போது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அந்த நேரமாகப் பார்த்துத்தான் அவர்கள் கிளம்பினார்கள்.

ஆறாம் வகுப்புக்கு மகள் மலையிறங்கிப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. விடுதியில் இடம் கிடைத்தது. ஆனால் அவள், "பெரிம்மா ஊட்டுல இருந்து போறேன்," என்று ஒரே பிடியாக நின்றாள். நான் போய்க் கேட்டேன். இந்த முறை அக்கா எதுவும் திருப்பிக் கேட்கவில்லை. "இருக்கட்டும்," என்றாள்.

மாதம் ஒரு தடவை பஸ் பிடித்து இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு முறை நாங்கள் மூன்று பேரும் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். வெளியே நல்ல வெயில். மகள் திடீரென்று கேட்டாள்: "நம்மூர்ல எல்லாரும் கோயில்ல ஒண்ணா உக்காந்து கஞ்சி குடிச்சமே, அது என்னம்மா நோம்பி? மறுக்கா எப்ப வரும்?"

பஞ்சத்தை அவள் நோம்பி, ஏதோ திருவிழா, என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காது குத்தியது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அக்கா பதில் சொல்லட்டும் என்று அவளைப் பார்த்தேன். அவள் கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அது நோம்பி இல்ல சாமி," என்றேன். "அப்ப மழ இல்ல. திங்க ஒண்ணுமில்ல. அதனால எல்லாரும் நல்லவங்களா இருந்தோம்."

"அப்பறம்?" என்றாள் மகள்.

பெரியம்மாவை ஏன் ஊரைவிட்டுப் போகும்படி செய்தேன் என்பதை அன்று முதல்முறையாக அவளிடம் சொல்லத் தொடங்கினேன். மிளகாய் சுற்றியதிலிருந்து சொன்னேன். அக்கா என்னை நிறுத்தவில்லை. பாதி வரை கேட்டதும் மகள் எழுந்து, அக்காவுக்கு அந்தப் பக்கம் போய் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். அங்கே உட்கார்ந்தபடியே மீதியையும் கேட்டாள்.