மாமாவுக்கு இரண்டு மாத்திரை

நான் சிறுவனாக இருந்தபோது என் தாய்மாமா கொஞ்ச காலம் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் தொழிலாளர் லயத்து வீட்டுச் சுவரில் தலையணையைச் சாய்த்து, அதில் முதுகைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். திருடனுக்குக் காவல் இருக்கிறார் என்று நான் நிம்மதியாகத் தூங்குவேன். எங்கள் வீட்டில் திருட என்ன இருந்தது என்று யோசிக்கும் வயதில்லை.

அப்பா இறந்தபின் அம்மா, கல்யாணமாகாத சித்தி, நான் மூவரும் மாமாவின் சம்பாத்தியத்தில்தான் இருந்தோம். மாமா மரம் சீவுபவர். என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். உட்கார்ந்து தூங்குவதன் காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார்.

“படுத்துத் திரும்புனா வீடே சுத்துதுடா. குனிஞ்சு நிமிந்தாலும் அப்படித்தான். அம்மாகிட்ட சொல்லிடாத.”

அந்தச் சமயத்தில்தான் பெம்பானில் அவருக்குப் பெண் அமைந்தது. பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். மாமாவுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பயம் வேறு இடத்தில் இருந்தது.

“பெரியவங்க கால்ல விழணுமேடா. விழுறது சுலபம். எந்திரிக்கணுமே!”

எனக்கு ஒரு மருந்து தெரிந்திருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, பல்வலி எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை மாத்திரைதான். தலைவலியை நிறுத்துகிற மாத்திரை தலைசுற்றலையும் நிறுத்தத்தானே வேண்டும்? தலையைப் பிடித்துக்கொண்டு முனகியபடி போய் நின்றேன். “இன்னிக்குப் பரீட்சையா?” என்று மருந்து கொடுக்கும் டிரசர் சிரித்தார். ஆனாலும் இரண்டு மாத்திரை கொடுத்தார்.

பரிசத்தன்று லாரியில் ஏறுமுன் மாமா அவற்றைக் கோப்பியோடு விழுங்கினார். “டாக்டர் சொன்னா சரி” என்று என் தலையைக் கலைத்துவிட்டார். அன்றைக்கு என்னைவிடப் பெரிய ஆள் அந்த லாரியில் இல்லை.

பெண் வீட்டில் மாமா, பெண்ணின் அப்பா காலில் விழுந்து, எப்படியோ சமாளித்து எழுந்தார். அடுத்து பெண்ணின் பெரியப்பா. விழுந்து எழுந்தவர் ஒருபக்கமாகச் சாய்ந்து, பிடிக்க எதுவும் கிடைக்காமல் பரிசத் தட்டின் மேலேயே கையை ஊன்றினார். தேங்காய்கள் வாசல்வரை உருண்டன.

“என்ன மாப்பிள்ளை, காலையிலேயே ஊத்தியாச்சா?” என்றார் பெரியப்பா. நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “மாமா குடிக்க மாட்டாரு! அவருக்குத் தலை சுத்தும்! நான்தான் ரெண்டு மாத்திரை குடுத்தேன்!” என்று கத்தினேன்.

சிரிப்பு நின்றது. பெண் வீட்டு அம்மா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “மாத்திரைக்கும் நிக்கலன்னா, தலையில ஏதோ பெரிய நோவுலா. குடும்பத்துல இன்னும் யார் யாருக்கு இருக்கோ.”

எல்லோர் கண்களும் சித்தியிடம் போயின. தலை நிறையப் பூவோடு நின்றிருந்தாள். அவளுக்கும் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். மாமாவும் அந்தக் கண்களைப் பார்த்தார்.

“சின்னப் பையன், ஏதோ சொல்றான்,” என்றார் தரையைப் பார்த்து. “நேத்து கூட்டாளிங்க விடல. கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு. மன்னிச்சுக்குங்க.”

பரிசம் நின்றுபோனது. ஊர் முன்னால் என்னைப் பொய்யனாக்கிவிட்டார் என்று லாரியில் அழுதுகொண்டே வந்தேன். மறுநாள் காலை சைக்கிளை நிறுத்தி, “ஏறு டாக்டர்” என்றார்.

“குடிகாரன் சைக்கிள்ல நான் ஏற மாட்டேன்.”

நான் நடந்தே போனேன். பிறகு அந்தச் சைக்கிளில் ஏறவே இல்லை. அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்மேல் ஒருநாளும் கள் வாடை அடித்ததில்லை. அப்படியிருந்தும், குடியால் கெட்ட மனிதர் என்றே என் பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்தேன்.

போன மாதம் புக்கிட் பெருவாங்கில் என் வீட்டுக் கட்டிலில் புரண்டு படுத்தேன், மேற்கூரை சுழன்றது. என் கை தானாக வலி மாத்திரையைத் தேடியது. இரண்டு போட்டும் சுற்றல் நிற்காமல் கிளினிக் போனேன்.

“வலி மாத்திரை வலிக்குத்தான் அங்கிள். இந்தச் சுத்தலுக்கு வேலை செய்யாது,” என்றாள் இளம் டாக்டர். “எல்லாத் தலைசுத்தலும் ஒன்னு இல்ல. உங்களுக்குக் காதுக்குள்ள பிரச்சினை.”

என்னைப் படுக்கவைத்து, தலையை ஒருபக்கம் திருப்பி, பிறகு மறுபக்கம் திருப்பி, உருட்டி உட்காரவைத்தாள். சற்று நேரத்தில் அறை நின்றது. என் கண்ணில் நீரைப் பார்த்து, “இன்னும் சுத்துதா?” என்று கேட்டாள்.

அந்தப் பரிசம் நின்ற மறுவருடமே சித்திக்கு நல்ல இடம் அமைந்தது. கல்யாணத்தன்று மாமா சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நிமிர்ந்து நின்றார். சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் வந்தபோதும் கைகூப்பியதோடு சரி. யார் காலிலும் விழவில்லை. குடிகாரனுக்குத் திமிரைப் பார் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் பட்டது.