பெரியப்பாவின் கால் சொன்ன சாட்சி

இன்சுலின் ஊசி போடத் தொடங்கினால் கால் போய்விடும் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. சொந்தக் குத்தகை வழக்குக்காகப் பதினொரு வருடம் கோர்ட்டுக்கு அலைந்த விவசாயி எப்படி நம்புவானோ அப்படி, சாட்சியோடு நம்பினேன். சாட்சி ஒரத்தநாட்டுப் பெரியப்பா. அவருக்கு ஊசி எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். இதைவிட வலுவான சாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்? அந்த நாட்களில் காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, நடவாட்கள் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று வரப்பில் நின்று பார்க்கிற மாதிரி என் கால்விரல்களைப் பார்ப்பது. பத்தும் இருந்தால்தான் காப்பி இறங்கும்.

அந்த வருடம் சம்பா நடவின்போது வயலில் நத்தை ஓடு இடது பாதத்தைக் கிழித்தது. காலடியில் தண்ணீர் சிவந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வலிக்கவில்லை என்று மனைவியிடம் பெருமையடித்தேன். “மாட்டுக்குக்கூட வலிக்கும்ங்க,” என்றாள் அவள். மூன்று வாரத்தில் சுண்டு விரலோரம் புண் ஆறாமல் வாடை வீசியது. தஞ்சாவூரில் டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரைக்கு மாத்திரை போதாது, உடனே ஊசிக்கு மாறவேண்டும் என்றார். மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பத்து நாள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. பிறகு மனைவி இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. மாடியில் ஓர் அம்மா இருக்கிறார், அவரிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மா மனநல ஆலோசகர். முப்பத்தைந்து வயதிருக்கும். இது மனத்துக்கும் பழக்கத்துக்கும் சேர்த்துச் செய்கிற சிகிச்சை, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்று பெயர் என்றார். எனக்கு அறிவும் இல்லை, நடத்தையும் சரியில்லை என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். சர்க்கரை அளவைத் தினமும் பார்த்து எழுதிவரச் சொல்லி ஒரு நோட்டுக் கொடுத்தார். கூடவே ஒரு தாள். அதில் மூன்று கட்டங்கள்: என்ன நினைக்கிறேன், அதற்கு என்ன ஆதாரம், அதற்கு எதிராக என்ன ஆதாரம்.

தாளைப் பார்த்ததும் எனக்குக் குஷி வந்துவிட்டது. இது என் தொழிலாயிற்றே! ஆதாரக் கட்டத்தில் பெரியப்பாவின் காலைப் பொடி எழுத்தில் நுணுக்கி எழுதினேன். எதிர் ஆதாரக் கட்டத்தைக் காலியாக விட்டேன். எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். நோட்டையும் விடவில்லை. விரலில் குத்துவதற்குப் பயந்து, அடுத்த முறை அவரைப் பார்க்கப் போகிற அன்று காலையில் உட்கார்ந்து இருபது நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதினேன். வயலைப் பார்க்காமலே கிராமக் கணக்கில், அடங்கலில், யார் என்ன சாகுபடி என்று எழுதுகிறார்களே, அந்த மாதிரி.

அவர் நோட்டைப் புரட்டினார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

“தீபாவளியன்னைக்கும் நூத்திப்பத்துங்களா சார்? அதிரசம் சாப்பிடலியா?”

“மோந்து பாத்ததோட சரிங்க.”

“மோந்து பாத்து எழுதுனதுதாங்க இது. இருவது நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு.” பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார். “எங்கப்பா உழுத நெலத்துக்கு அடங்கல்ல வேற ஒருத்தர் பேரு இருந்துச்சுங்க சார். அந்த எழுத்து எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும்.”

நான் நோட்டை மூடி என் பக்கம் இழுத்துக்கொண்டேன். உழுகிறவன் பேரைப் பதிவு செய்யச் சட்டம் வந்து, ஆட்சிகள் மாறி மாறி வந்த பிறகும், எங்கள் பக்கத்தில் கணக்கில் ஒரு பேரும் வயலில் வேறோர் ஆளும் இருந்தது எல்லோருக்கும் தெரியும். குத்தகை எங்கள் பேரில் இருந்தது. அந்த நிலத்தில் இறங்கி உழுதவர்களின் பேரை என் அப்பா எந்தக் கணக்கிலும் சேர்க்கவிடவில்லை. இந்த அம்மாவின் அப்பா, என் அப்பா மாதிரி ஒருவரைக் கைகட்டி நின்று எந்தச் சொல்லால் அழைத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். மகள் என்னை சார் என்றார். பழிவாங்கத்தான் ஊசி போடச் சொல்கிறாரோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். வெட்கம்கெட்ட நினைப்புதான். ஆனால் நினைத்தேன்.

அவரோ அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு மூன்று கட்டத் தாளை எடுத்தார்.

“ஊசி போட்டதாலதான் பெரியப்பாவுக்குக் கால் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அவரு ஊசி போட்டத நீங்க பாத்தீங்களா?”

“கேள்விப்பட்டேங்க.”

“கேள்விப்பட்டத உங்க கோர்ட்ல எடுத்துக்குவாங்களா சார்?”

நேரில் பார்த்த ஆளைக் கேட்டுவிட்டு வாருங்கள், எந்தப் பதிலானாலும் எழுதிக்கொண்டு வாருங்கள், ஆனால் சீக்கிரம் போங்கள் என்று அனுப்பினார். நான் சீக்கிரம் போகவில்லை. வழக்கு வாய்தா என்றேன், உரம் வரவில்லை என்றேன், பஸ் சரியில்லை என்றேன். இன்னும் பன்னிரண்டு நாள் ஓடியது. பெரியப்பா அப்போது உயிரோடு இல்லை; நேரில் பார்த்தவர் பெரியம்மாதான், அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம். ஆமாம் என்றாலும் பயம், இல்லை என்றாலும் பயம். காலில் புண் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒரத்தநாடு போனபோது பெரியம்மா அரசாங்கம் கொடுத்த டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதும் சத்தத்தைக் குறைத்தார்.

“அவரு எங்கடா ஊசி போட்டுக்கிட்டாரு? வாங்கியாந்ததோட சரி. மருந்து சூடாகாம இருக்கணும்னு ஈரமணல் பானைக்குள்ள வச்சு மூடிட்டாரு, அதோட சரி. போட்டா காலு போயிரும்னு யாரோ சொல்லிட்டானாம். கால் கறுத்தப்பறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். கால எடுத்துட்டுத்தான் மொத ஊசியே போட்டாங்க.”

“ஊசி போட்டும் கால் போயிருச்சுன்னு நீங்கதானே பெரியம்மா எல்லார்ட்டயும் சொன்னீங்க?”

“பின்ன என்னத்தடா சொல்றது? இவ்ளோ பெரிய ஆம்பள ஊசிக்குப் பயந்து கால விட்டாருன்னு சொல்லச் சொல்றியா?”

ஊர் திரும்பும் பஸ்ஸில், பெரியப்பாவை எத்தனை பேருக்குச் சாட்சியாகக் காட்டியிருப்பேன் என்று யோசித்தேன். டீக்கடையில், களத்தில், கல்யாணப் பந்தியில். அதைக் கேட்டு யார் யார் ஊசியை மூடி வைத்தார்களோ, தெரியாது. மறுநாள் காலை மாடிக்குப் போய், காலியாக இருந்த கட்டத்தில் பெரியம்மா சொன்னதை எழுதினேன். அந்த அம்மா பாராட்டவும் இல்லை, சொன்னேனே என்று குத்தவும் இல்லை. என்னோடு கீழே இறங்கி வந்து, நர்ஸ் வயிற்றில் முதல் ஊசி போடும்வரை பக்கத்தில் நின்றார். எறும்புக் கடி அளவுகூட இல்லை. அதற்குத்தான் மூன்று கட்டமும் ஒரத்தநாட்டுப் பயணமும்! சில மாதங்களில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

இன்று ஊரில் என்னைக் காட்டிப் பேசுகிறார்கள். பக்கத்து வயல்காரருக்கு ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவர் வாங்கவில்லை. “ஒங்களுக்கே ஊசி போட்டப்பறம்தானே வெரலு போச்சு?” என்று என்னிடமே கேட்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மாதம் நான் ஊசி போடவில்லை. அதற்குள் புண் எலும்புக்குப் போய்விட்டது. ஊசி தொடங்கிய ஒன்பதாம் நாள் இடது காலில் சுண்டு விரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்தார்கள். கால் இருக்கிறது.